பழைய பிரெஞ்சுச் சமையல் நூல்களும் கணினியும்: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வரும் செப்டம்பரில் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளராகச் சேர்கிறேன். பிரெஞ்சுச் சமையல் வரலாறும் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸும் (வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளைக் கணினி கொண்டு ஆய்வது) தெரிந்த ஒருவர் வேண்டும் என்று வந்த பதவி அது. 17, 18ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்களைக் கணினி படிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, எந்தக் குறிப்பு எந்த நூலிலிருந்து எந்த நூலுக்குப் போனது, எந்தச் சரக்கு எப்போது அடுப்படிக்குள் வந்தது, எப்போது வெளியேறியது என்று தேடுவதுதான் என் வேலை. தனியாளாகச் செய்யக்கூடிய வேலை இல்லை இது. கட்டுரைகளில் என் பெயர்தான் முன்னால் நிற்கிறது. பின்னால் இருப்பவர்களைப் பற்றித் தமிழில் ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் செய்ததை மட்டும் சொல்கிறேன். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி சித்தப்பாவுக்கும் அம்மாவுக்கும். வீட்டு ஆட்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. என் ஆய்வில் அவர்கள் கை நேரடியாகவே இருக்கிறது.

சித்தப்பா பாரிஸ் உணவகமொன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டி, பிறகு சோஸ் அடுப்பு வரைக்கும் வந்தவர். ஈழத்திலிருந்து வந்த நம் ஆட்கள் எத்தனையோ பேர் இந்த ஊர்ச் சமையலறைகளில் இப்படித்தான் மேலே வந்தார்கள். 1651இல் வெளிவந்த, லா வரேன் என்ற சமையற்காரரின் ‘லெ க்யூஸினியே ஃபிரான்ஸ்வா’ நூலில், வெள்ளை சோஸில் அஸ்பராகஸ் செய்ய ஒரு குறிப்பு இருக்கிறது. புது வெண்ணெய், கொஞ்சம் காடி, உப்பு, சாதிக்காய், சோஸைச் சேர்த்துப் பிடிக்க ஒரு முட்டை மஞ்சள் கரு. சோஸ் திரைந்துவிடாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான். அளவு கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. நான் ஐந்தையும் ‘சேர்மானம்’ என்று ஒரே குறியிட்டு அட்டவணையில் ஏற்றியிருந்தேன். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தவர், “மஞ்சள் கருவையும் சாதிக்காயையும் ஏன் ஒரே பெட்டிக்குள் போட்டிருக்கிறாய்? சாதிக்காய் மணத்துக்கு, மஞ்சள் கரு பிடிமானத்துக்கு. வெண்ணெய்க்கு வேறு வேலை, காடிக்கு வேறு வேலை” என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் பாதி. அதற்கப்புறம் ஒவ்வொரு சேர்மானத்துக்கும் பெயரோடு கூட, அந்தக் குறிப்பில் அது செய்யும் வேலையையும் குறிக்கத் தொடங்கினோம். கொழுப்பு, புளிப்பு, மணம், பிடிமானம் என்று பிரித்த பிறகுதான் அட்டவணை பேசத் தொடங்கியது. இடைக்காலச் சோஸ்களில் காடியும் பழுக்காத திராட்சைச் சாறும் மசாலாவும் இருக்கும், கெட்டிப்படுத்த ரொட்டி இருக்கும், கொழுப்பு அநேகமாக இருக்காது. 17ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு வெண்ணெயும் மாவும் முட்டையும் வருகின்றன. இந்த மாற்றத்தை வரலாற்றாசிரியர் ழான்-லூயி ஃபிளாந்திரன் எங்களுக்கு வெகுகாலம் முன்பே எண்ணிக் காட்டியிருந்தார். 2001இல் அவர் மறைந்துவிட்டதால் நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. சமையல் குறிப்புகளை எண்ணிப் பார்ப்பதும் வரலாறு எழுதுவதுதான் என்று துணிந்தவர்களில் முன்னோடி அவர். என் நன்றியில் அவருக்கும் பங்கு உண்டு.

அம்மா தீர்த்துவைத்தது வேறொரு சிக்கல். பழைய நூல்களில் ‘மேலும் கீழும் நெருப்பு’ என்று அடிக்கடி வரும். பாத்திரத்தின் அடியில் தணல், மூடியின் மேலும் தணல். படிக்கப் புரியும், ஆனால் எதற்கு மேலே அதிகம் வேண்டும், எதற்குக் கீழே, எப்போது தணலை அள்ள வேண்டும் என்பதை எந்த நூலும் சொல்வதில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் அம்மம்மாவும் அம்மாவும் சட்டியில் மணல் போட்டு, உள்ளே தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் பரப்பி கேக் சுட்டவர்கள். மேல் தணல் கூடினால் மேற்புறம் வெடித்து உள்ளே மாவாகவே இருக்கும், நெருப்பு எரியக்கூடாது, கனிய வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். 17ஆம் நூற்றாண்டின் ‘பை’, ‘தார்த்’ என்ற சுட்ட மாவுப் பண்டங்களின் குறிப்புகளில் வெப்பத்தை எப்படி வகைப்படுத்துவது என்று நாங்கள் எழுதிய விளக்கக் கையேட்டில் அந்தப் பகுதி முழுக்க அம்மாவுடையது.

அடுத்து பிரான்ஸ் தேசிய நூலகத்து ஊழியர்கள். அங்கே அரிய நூல் ஒன்றைக் கேட்டால் புத்தகம் மட்டும் வராது. முதுகு ஒடியாமல் சாய்த்து வைக்க நுரை மெத்தை வரும், பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கத் துணி சுற்றிய ஈயச் சரம் வரும். ஒரே நூலின் பல பதிப்புகளை அடுத்தடுத்துக் கேட்டபோது ஒருவர் கூட முகம் சுளிக்கவில்லை. ‘இது போதாது, அர்செனல் நூலகத்திலும் ஒரு பிரதி இருக்கிறது, அதில் யாரோ ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்’ என்று நான் கேட்காததையும் சொன்ன அம்மையாரை மறக்க முடியாது. தூர் நகரில் இருக்கும் உணவு வரலாற்று நிறுவனத்தின் நூலகத்திலும் அதே அன்பு கிடைத்தது. அங்கே கோடைக்காலப் பள்ளிக்கு வந்த நண்பர்களில் பலரோடு இன்றும் பேச்சு வார்த்தை உண்டு.

1997இல் தொடங்கிய காலிக்கா மின்னூலகம் இல்லாவிட்டால் இந்தத் துறையே எனக்கு எட்டியிருக்காது. பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் இருந்துகொண்டே 1746இல் வந்த மெனோனின் ‘லா க்யூஸினியேர் பூர்ழ்வாஸ்’ நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்ட முடிந்தது. ஆனால் படம் வேறு, எழுத்து வேறு. அந்தக் கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ஏறக்குறைய ‘எஃப்’ போலவே இருக்கும். சாதாரண எழுத்துணர்வு மென்பொருள் அதை ‘எஃப்’ என்றே படிக்கும். உப்பு என்று தேடினால் உப்பே இல்லாத சமையல் நூலாக நிற்கும், சர்க்கரையும் காணாமல் போகும். அதைத் திருத்த, மாதிரிப் பக்கங்களை மனிதர்கள் வரிவரியாகத் தட்டச்சு செய்து கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதைச் செய்தது நீங்கள்தான்: முதுகலை மாணவர்கள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைகள் இருவர், இரவு வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த என் மச்சாள். கறை படிந்த பக்கம், பின்பக்க மை ஊறித் தெரியும் பக்கம், வளைந்துபோன வரி, எதையும் நீங்கள் தள்ளிவிடவில்லை. ‘இது காற்புள்ளியா, ஈ விட்ட புள்ளியா’ என்று கேட்டு வந்த கேள்விகளை எல்லாம் வைத்திருக்கிறேன். பழைய எழுத்தைப் படிக்கும் கிராக்கன், இஸ்கிரிப்டோரியம் மென்பொருள்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்தவர்களுக்கும் நன்றி. ஆனால் உங்கள் வரிகள் இல்லாமல் அந்த மென்பொருள் எங்கள் பக்கங்களில் தடுமாறியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

குறியிடும் முறையில் எனக்கு ஆசான்கள் பலர். டி.இ.ஐ. (Text Encoding Initiative) என்ற, நூல்களைக் கணினிக்காகக் குறியிடும் நெறிமுறை 1987இலிருந்து வளர்ந்து வருவது. அதில் செய்யுளுக்கும் நாடகத்துக்கும் அகராதிக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு, சமையல் குறிப்புக்கென்று இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ், பிரான்சின் தூர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இடைக்காலச் சமையல் குறிப்புகளுக்காகச் செய்த கோரேமா திட்டம், தாங்கள் எப்படிக் குறியிட்டார்கள் என்பதை ஒளிக்காமல் வெளியிட்டது எங்களுக்குப் பெரிய வழிகாட்டி. முதன்முதலில் டி.இ.ஐ. சொல்லிக்கொடுத்தது, ஆவணக் காப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் பாரிஸ் கல்லூரியான எக்கோல் நசியோனால் தே ஷார்த். அங்கே என் ஆசிரியை ஒருவர், கோப்பின் தலைப்பகுதியில் யார் என்ன வேலை செய்தார் என்று எழுதும் இடத்தை நிரப்பாமல் பயிற்சியைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். “மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதை எழுது” என்பார். அந்தக் கண்டிப்புக்கு இன்றைக்கு வணக்கம் சொல்கிறேன்.

அந்தப் பழக்கம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நான் படிக்கும் நூல்களிலேயே அது இல்லை. 1733இல் லண்டனில் ஆங்கிலத்தில் தன் நூலை வெளியிட்ட வின்சென்ட் லா ஷப்பல் (நம் ஆட்களின் கடைத்தெரு இருக்கும் பாரிஸ் லா ஷப்பலுக்கும் இவருக்கும் தொடர்பில்லை) பழைய சமையல் இனி உதவாது, தன்னுடையது புதிது என்று முன்னுரையில் சொல்கிறார். ஆனால் உள்ளே கணிசமான பகுதி, 1691இல் முதலில் வெளிவந்த மாசியாலோவின் நூலிலிருந்து எடுத்தது. இதை பிலிப் ஹைமன், மேரி ஹைமன் தம்பதி இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணினி இல்லாமலே கண்டுபிடித்து எழுதினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்ட்ஃபல் குழு உருவாக்கிய ஒப்பீட்டு மென்பொருளில் எங்கள் கோப்புகளை ஓடவிட்டபோது, முதலில் ஹைமன் தம்பதி காட்டிய பகுதிகளைத்தான் தேடினோம். திரையில் வரிசையாக வந்து நின்றன. கருவியை நம்பலாம் என்று தெரிந்தது அவர்களின் கைவேலையால்தான். பழைய அறிஞர்களைக் கணினி ஓரங்கட்டிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் எண்ணி வைத்ததில்தான் நாங்கள் சரிபார்த்துக்கொள்கிறோம்.

பார்பரா கெச்சம் வீட்டனும் அப்படித்தான். 1960களில் அட்டைகளில் குறிப்பெடுக்கத் தொடங்கிய பிரெஞ்சுச் சமையல் வரலாற்றாசிரியர். அந்த உழைப்பிலிருந்து வளர்ந்த சிஃப்டர் என்ற தரவுத்தளம் 2020இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. எந்தச் சமையல் நூலில் என்ன சரக்கு, என்ன பாத்திரம் என்று தேடிக்கொள்ளலாம். வாழ்நாள் உழைப்பைப் பூட்டி வைக்காமல் திறந்து வைப்பது எவ்வளவு பெரிய மனசு! எங்கள் தொகுப்பையும் இலவசமாகவே வெளியிடுவது என்று முடிவெடுக்க அதுதான் தூண்டுதல். அதற்கு இடம் கொடுத்துப் பராமரிக்கும், பிரான்சின் ஆய்வுத் தரவு அமைப்பான ஊமா-நும் பொறியாளர்களுக்கும் நன்றி.

இங்கே திப்பிலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தயீவான் பெயரில் வழங்கும் ‘வியாந்தியே’ என்ற இடைக்கால நூலின் மசாலாப் பட்டியலில் இஞ்சி, இலவங்கப்பட்டை, கிராம்புகளோடு திப்பிலியும் இருக்கிறது. லா வரேன் காலத்துக்கு வரும்போது பிரெஞ்சு அடுப்படியில் அது தேய்ந்தே போய்விட்டது. எங்கள் வீட்டுக் கசாயத்தில் அது இன்னும் இருக்கிறது. அந்த வரியைக் குறியிட்ட மாணவிக்குத் திப்பிலி எப்படி இருக்கும் என்று தெரியாததால், லா ஷப்பல் கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தேன். அடுத்த வாரம் குழு முழுக்க அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிளகோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட குழு எனக்கு அமைந்தது.

இடையில் சில வருடங்கள் கடினமாக இருந்தன. வரலாற்றுத் துறையினர் இது கணினி வேலை என்றார்கள், கணினித் துறையினர் இதில் புதிய முறை என்ன இருக்கிறது என்றார்கள். ஒரு நேர்முகத்தில் சமையல் குறிப்பு ஆய்வுக்குரிய பொருளா என்றே கேட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்காமல் இருந்த மாதங்களில், இரவு உணவுக்கு வா என்று கூப்பிட்டு, விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்து, ‘இரண்டில் ஒன்றை விட்டுவிடாதே’ என்று சொன்ன என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு என்ன சொல்ல? அவர் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் நான் ஒரு பாதியை விட்டிருப்பேன், எந்தப் பாதி என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்திருந்திருக்கும்.

சரி, கடைசியாக ஒரு வேண்டுகோள். தொகுப்பின் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் படியெடுத்தவர், திருத்தியவர், குறியிட்டவர், விளக்கம் சொன்னவர் என்று உதவியவர்களின் பங்கு, அவரவர் சம்மதித்த அளவுக்குப் பெயரோடோ பெயரில்லாமலோ இருக்கிறது. சித்தப்பா பெயர் போடச் சம்மதித்து, ‘சமையற்காரர்’ என்றும் கட்டாயம் போடு என்றார், போட்டிருக்கிறேன். உங்கள் பங்கு விடுபட்டிருந்தாலோ, இப்போது பெயரைச் சேர்க்க மனம் வந்தாலோ எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிப்பை நவம்பரில் வெளியிடுகிறோம், அதற்குள் சேர்த்துவிடலாம்.

அன்போடும் நன்றியோடும்,
உங்களோடு உழைத்த ஒருவர்