சில நொடிதானே என்கிறீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்புகிறவர் கணினியைச் சில நொடி கணக்குப் போட வைத்தால், லட்சக்கணக்கில் அனுப்புகிறவனுக்குக் கட்டுப்படியாகாமல் ஸ்பேம் என்ற வேண்டாத விளம்பர மெயில் ஒழியும், “நேர்மையானவருக்கு ஒரு சிரமமும் இல்லை” என்று எழுதியிருந்தது. நானும் நேர்மையானவன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிரமத்தைக் கேளுங்கள்.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் 412 பேருக்கு மாதம் ஒரு மடல் அனுப்புகிறேன். யார் வீட்டில் கல்யாணம், யார் காலமானார், அவ்வளவுதான் விஷயம். அதிலேயே பாதி ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது. அதனால் இப்படிக் கணக்குப் போட்டு, விடையை முத்திரையாக மடலோடு அனுப்பும் ஹேஷ்கேஷ் என்ற முறையையும் முயன்று பார்த்தேன். பெறுபவர் முகவரி, தேதி, கூட ஓர் எண். எதைக் கொடுத்தாலும் பூஜ்யமும் ஒன்றுமான நீண்ட வரிசையாக மாற்றித்தரும் ஷா-1 என்ற சூத்திரத்தில் இவற்றைப் போட்டு, விடையின் முதல் 20 இலக்கமும் (பிட்) பூஜ்யமாக வரும்வரை எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரியாகப் பத்து லட்சத்துச் சொச்சம் தடவை. பெறுகிறவர் ஒரே தடவை போட்டுச் சரிபார்த்துவிடலாம். அழகான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு அரை நொடியில் விழுகிறது, அடுத்தவருக்குப் பத்து நொடி இழுக்கிறது. ஒருவருக்குப் போட்ட முத்திரை இன்னொருவருக்கு ஆகாது. மின்விசிறி அலற என் பழைய லேப்டாப் 20 நிமிடத்துக்கு மேல் உழைத்தது. முத்திரையோடு போன மடலும் அதே ஸ்பேம் பெட்டியில்தான் விழுந்தது.

ஸ்பேம் அனுப்புகிறவன் தன் கணினியிலா அனுப்புகிறான்? வைரஸ் புகுத்திக் கைப்பற்றிய ஆயிரக்கணக்கான கணினிகள் அவனுக்காக உழைக்கின்றன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவனைத் தடுக்கும் அளவுக்குப் புதிரைக் கடினமாக்கினால் நியாயமாக அனுப்புகிறவர்களில் ஒரு பகுதியினரும் மாட்டிக்கொள்வார்கள் என்று பென் லாரி, ரிச்சர்ட் கிளேட்டன் என்ற ஆய்வாளர்கள் 2004லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்குத் தெரியாததா? அதே ஆண்டு தாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் பில் கேட்ஸ், இரண்டே ஆண்டில் ஸ்பேம் தீர்ந்துவிடும் என்றார். தாங்கள் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. சென்ற ஆண்டு அனுப்பிய கடிதத்தை உங்கள் அலுவலகக் கணினியே ஸ்பேம் என்று திருப்பியனுப்பியது. அதனால்தான் இது தபாலில் வருகிறது, தலை ஒட்டி.

இன்னொன்று. இந்த யோசனை பிட்காயின் என்ற மின்நாணயத்திலிருந்து வந்தது என்கிறது உங்கள் கட்டுரை. சிந்தியா டுவொர்க், மோனி நாவோர் என்ற கணினி விஞ்ஞானிகள் 1992இல் சொன்னது இது. ஆடம் பேக் 1997இல் ஹேஷ்கேஷ் என்று செய்து காட்டினார். பிட்காயினை அறிமுகப்படுத்திய ஆய்வுக் கட்டுரை 2008இல்தான் வந்தது. அதில் ஹேஷ்கேஷ் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பிறந்த கதையாக்கிவிட்டீர்கள்.

ஸ்பேமைக் கண்டித்து எழுதும் உங்கள் இதழிடமிருந்து, நான் கேட்காத சந்தாச் சலுகை மெயில் வாரம் இரண்டு வருகிறது. ‘விலக’ என்பதை மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் நன்றி சொன்னார்கள். மறுவாரம் மூன்றாக வந்தது.

யோசனை பிறந்த ஆண்டு 1992 என்ற திருத்தத்தை ஓர் ஓரத்தில் போட்டால் போதும். அந்தச் சலுகை மெயில் பட்டியலிலிருந்து என் முகவரியை யாராவது கையால் அடித்துவிட்டால் பெரிய உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
22 ஆண்டுச் சந்தாதாரர்