பைட்டர் மீனின் நிறத்தைச் சரியாகச் சொல்லி விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மீன் வளர்ப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டி, தண்ணீர், தீனி எல்லாம் விளக்கமாக இருந்தது. ஆனால் பைட்டர் மீன் (பெட்டா என்கிற வண்ண மீன்) வாங்கப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவதே நிறத்தில்தான், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் கொளத்தூரில் ஒரு கடையில் 'கோய்' என்ற நிற வகை என்று சொன்னதால், என் மகளுக்கு ஓர் ஆண் பைட்டர் வாங்கினேன். வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத் திட்டாக, அவ்வளவு அழகு. மூன்றே மாதத்தில் வெள்ளை போய் உடம்பு முழுக்கக் கருநீலம் ஏறிவிட்டது. நோய்தான் என்று பயந்துபோய் உப்பு போட்டேன், மருந்து ஊற்றினேன், தினமும் தண்ணீர் மாற்றினேன், மகள் வேறு அழுகை. கடைசியில் பல வருடமாகக் குஞ்சு எடுக்கும் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார், கோய் என்பது மார்பிள் வகையில் ஒன்று, மார்பிள் மீனின் நிறம் வளர வளர மாறும், அது பிறவியிலேயே வருவது, நோயே இல்லை. இதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆரோக்கியமான மீனை மருந்தில் வாட்டியிருக்க மாட்டேன்.

நீல நிற மீன் வாங்கும்போதும் இப்படித்தான் ஏமாறுகிறோம். சாம்பல் சாயல் என்றால் ஸ்டீல் புளூ, பச்சை சாயல் என்றால் டர்க்காய்ஸ், நடுவில் பளிச்சென்ற நீலம் ராயல் புளூ. கடையின் கலர் லைட்டில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குஞ்சு எடுப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஸ்டீலையும் டர்க்காய்ஸையும் ஜோடி சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ராயல் புளூ, ஆனால் ராயலுக்கு ராயலையே சேர்த்தால் ஏறக்குறைய பாதிதான் ராயல், மிச்சம் ஸ்டீலும் டர்க்காய்ஸுமாகப் பிரிந்துவிடும். (கடையில் சொல்லும் ஹாஃப்மூன், கிரவுன்டெயில் எல்லாம் வால் வடிவத்தின் பெயர்கள், நிறத்தின் பெயர்கள் இல்லை.)

எனக்கு அதிகம் கவலை தருவது 'கோல்டு' விஷயம். பக்கத்து வீட்டுப் பையன் தங்கத்தூள் தூவியது போல மின்னுகிறது என்று ஆசையாக ஒரு மீன் வாங்கி வந்தான். அது நிறமே இல்லை, வெல்வெட் நோய், உடம்பில் ஒட்டுண்ணி. நாலாம் நாள் மீன் செத்துவிட்டது. டார்ச் அடித்துப் பாருங்கள்: உண்மையான மினுமினுப்பு செதில் செதிலாக ஒழுங்காக இருக்கும், நோய் என்றால் மாவு தூவிய மாதிரி துடுப்பிலும் படிந்திருக்கும், மீனும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கல்லிலும் செடியிலும் உரசும்.

கடைக்காரர்கள் மீன் டப்பா மேல் விலையோடு 'மார்பிள், நிறம் மாறும்' என்று எழுதி ஒட்டினால் போதும், பெரிய செலவில்லை. நீங்களும் அடுத்த முறை மீன் பற்றி எழுதும்போது, பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு இந்த நிற வகைகளையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை