சிக்னல் விதிகள்: சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்

களியக்காவிளை பெற்றோர் குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி விடும் நேரத்தில் நம் சிக்னல் உள்ள சாலைச் சந்திப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. மஞ்சள் விழுந்ததும் பைக்குகள் வேகத்தைக் கூட்டுகின்றன. அதே நொடியில் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஒரு காலைச் சாலையில் வைத்துவிடுகிறார்கள். இதைப் பேச வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி மைதானத்தில் கூடுகிறோம்.

அதுவரை காத்திருக்காமல் இன்றே தொடங்குவோம்:

1. மஞ்சள் வந்தால் நிறுத்தக் கோட்டுக்கு முன்பே நில்லுங்கள். சடன் பிரேக் போட்டால்தான் நிற்கும் என்ற அளவுக்கு நெருங்கியிருந்தால் மட்டும் கடந்து போகலாம்.
2. தனி அம்புக்குறியோ பலகையோ இல்லாவிட்டால், சிவப்பில் இடப்பக்கம் திரும்புவதும் தப்புதான். பலருக்கு இது தெரிவதில்லை.
3. ஜீப்ரா கோட்டின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.
4. மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்துப் போகவும். சிவப்பு அப்படி எரிந்தால் முழுதாக நின்று, பார்த்து, அப்புறம் நகரவும்.
5. நடப்பவர்களுக்கான பச்சை மினுக்கத் தொடங்கிவிட்டால் புதிதாக இறங்க வேண்டாம். பச்சையிலும் திரும்பி வரும் வண்டிகளைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சிவப்பைத் தாண்டுவது, 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் வருகிறது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ கிடைக்கலாம். எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் போனாலும் இதே சட்டம்தான்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று பதில் போடுங்கள். மாலையில் பிள்ளைகள் சாலை தாண்ட உதவ முடிந்தவர்கள் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.