வலி நின்றால் புண் ஆறியதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த குடல் அழற்சி நோய் பற்றிய கட்டுரை, நோய் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குவதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அந்தத் தாக்குதலுக்குக் களமாகும் குடல் உட்சுவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. விலங்கியல் கற்பித்தவன், பெருங்குடல் புண் அழற்சியோடு பத்து ஆண்டுகளாக வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

செரித்த உணவும் கோடானுகோடி பாக்டீரியாக்களும் ஒருபுறம், இரத்தமும் எதிர்ப்புச் செல்களும் மறுபுறம் என்றிருக்க, இடையே நிற்பது ஒரே அடுக்குச் செல்கள்தான். சில நாள்களுக்கொருமுறை உதிர்ந்து புதிதாகும் அந்த அடுக்கின்மேல் சளி போர்த்தியிருக்கிறது. பெருங்குடலில் அச்சளி இரு படலங்களாக இருப்பதையும், செல்களை ஒட்டிய உட்படலத்தில் பாக்டீரியா அநேகமாக இருப்பதில்லை என்பதையும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2008இல் சுண்டெலிகளில் காட்டினர். அச்சளியின் முதன்மைப் புரதமான மியூசின்-2 இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி தானாகவே வந்துவிடுகிறது.

செல்களைப் பிணைத்திருக்கும் இணைப்புகளை டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்கள் தளர்த்த, அந்த இடுக்குகளின் வழியே பாக்டீரியாவின் துணுக்குகள் உள்ளே கசிய, அழற்சி மேலும் மூள்கிறது. எது முதல், எது விளைவு என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் குடல் அழற்சி நோயின் மற்றொரு வகையான கிரோன் நோய் உள்ளவர்களின் உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நோயற்ற சிலருக்கும் இக்கசிவு மிகுந்து காணப்படுவதால், அதை வெறும் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது.

இரத்தப்போக்கு நின்றவுடன், “வெறும் வயிற்றுச் சூடு, மோர் குடித்தால் அடங்கும்” என்ற உறவினர் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் மாத்திரையை நிறுத்தியவன் நான். பிறகு, கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தபோது, வலியோ போக்கோ எனக்கு இல்லை. ஆனாலும், வெளிர்சிவப்பாகப் பளபளத்து, இலை நரம்புகளைப்போல இரத்தக்குழாய்கள் தெரிய வேண்டிய உட்சுவர், திரையில் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகச் சிவந்திருந்தது. குழாய் பட்ட இடமெல்லாம் இரத்தம் கசிந்தது.

இன்று மருத்துவர்கள் உட்சுவர் ஆறுவதையே சிகிச்சையின் இலக்காகக் கொள்வதும் இதனால்தான். ஒவ்வொரு முறையும் குழாய் செலுத்தாமல், மலத்தில், அழற்சியின்போது வெள்ளணுக்கள் வெளியிடும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தே அழற்சி அடங்கிவருகிறதா என்பதைப் பெருமளவு கணிக்கலாம். குடல் கசிவை அடைப்பதாகச் சொல்லும் பொடி விளம்பரங்கள் கண்ணில் படுமளவுக்கு இந்தப் பரிசோதனையைப் பற்றிய செய்தி படுவதில்லை. இதைக் குறித்துக் குடல்நோய் நிபுணர் ஒருவரிடம் கட்டுரை பெற்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்