தன் காரின் முதலாளி: கயல்விழிக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அமெரிக்காவின் சார்லட் நகரில் உள்ள பெரிய கார் பந்தய அணி ஒன்று உன்னைத் தன் பொறியியல் பிரிவுக்கு அழைத்திருப்பதையும், அதை ஏற்றால் உன் சிறிய பட்டறையை மூடவேண்டிவரும் என்பதையும் தொலைபேசியில் சொன்னாய். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அம்மா?" என்று நீ கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ படித்த பல்கலைக்கழகத்தின் மோட்டார் பந்தய ஆய்வகம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தக் கார் பந்தய ஓட்டுநர் ஆலன் குல்விக்கியைப் பற்றி அண்மையில் நிறையப் படித்தேன். உன் கேள்விக்கு அவர் வாழ்க்கையை வைத்தே பதில் எழுதுகிறேன்.

அவர் 1954இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுபவர். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். 1977இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று, வடக்கே சிறிய ஓடுதளங்களில் பெயர் எடுத்தபின், இருந்ததை விற்றுவிட்டு சார்லட்டுக்குக் குடிபெயர்ந்தார். கிளம்புவதற்குச் சற்றுமுன் அவருடைய பிக்கப் வண்டி தீப்பிடித்து எரிந்துபோக, இரவல் வண்டியில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெற்கே வந்தார். சாலைக் கார்களின் தோற்றத்தில் கட்டிய கார்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தின் உச்சத் தொடரான வின்ஸ்டன் கப்பில் அவருக்குக் கார் கொடுத்திருந்த உரிமையாளர் 1986ஆம் ஆண்டின் நடுவில் விலகிக்கொள்ள, அணியைக் குல்விக்கியே ஏற்று நடத்தத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே, பெரும்பாலும் மெக்கானிக்கும் அவரே. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாக அவர் தேர்வானார்.

முதல் வெற்றி 1988 நவம்பரில் ஃபீனிக்ஸில் கிடைத்தது. எல்லோரும் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டி அதைக் கொண்டாடினார். ஓட்டுநரின் இருக்கை இடப்பக்கம் இருப்பதால், திசையை மாற்றினால்தான் பார்வையாளர்களை நேருக்கு நேர் பார்த்துக் கையசைக்க முடியும்.

உன் நிலைமைக்கு மிக அருகில் வரும் பகுதி இனிமேல்தான் இருக்கிறது. ஜூனியர் ஜான்சன் என்பவர் ஓட்டுநராக 50 பந்தயங்களை வென்று, பிறகு உரிமையாளராக ஆறு சாம்பியன் பட்டங்களையும் பெற்றவர். அவர் தம் அணியில் சேரும்படி குல்விக்கியை ஒருமுறைக்கு மேல் அழைத்தார். பத்து லட்சம் டாலர் வரை பேசப்பட்டது. குல்விக்கி மறுத்துவிட்டார். அதற்கான விலையையும் கொடுத்தார். காரில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளப் பணம் தரும் ஒரு நிறுவனம் தமக்கு வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அது ஜான்சனிடமே போய்ச் சேர்ந்தது. 1991ஆம் ஆண்டைப் பணம் போட ஆளில்லாமல் தொடங்கவேண்டியதாயிற்று. அந்த மார்ச் மாதம் அட்லாண்டாவில், ஹூட்டர்ஸ் உணவகம் ஆதரித்த வேறொரு கார் தகுதிச் சுற்றில் தேறாமல் போனதால்தான் அந்த நிறுவனம் குல்விக்கியின் பக்கம் திரும்பியது. அன்று அந்தக் கார் தேறியிருந்தால் அவர் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை நீ எண்ணிப் பார்க்கவேண்டும். துணிந்தவர்களின் கதையைச் சொல்பவர்கள் இப்படிப்பட்ட தற்செயல்களை விட்டுவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

1992 நவம்பர் 15 அன்று, அதே அட்லாண்டாவில் நடந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்தே காலம் கழித்த எனக்கு அதில் வேகத்தைவிடக் கணக்குதான் கண்ணில் படுகிறது. செப்டம்பரில் டோவர் பந்தயத்தில் கார் மோதி 34ஆம் இடத்தில் முடிந்தபோது, சாம்பியன் பட்டத்தை முடிவுசெய்யும் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் குல்விக்கி முதலிடத்துக்கு 278 புள்ளிகள் பின்னால் இருந்தார். ஆறு பந்தயங்களே மீதம் இருந்தன. அட்லாண்டாவுக்கு வரும்போது அந்த இடைவெளி 30 ஆகிவிட்டிருந்தது. டேவி ஆலிசன் முதலிடத்திலும், குல்விக்கி அடுத்தும், அவருக்கு 10 புள்ளி பின்னால் பில் எலியட்டும் நின்றார்கள். எலியட் ஓட்டியது யாருடைய கார் தெரியுமா? ஜூனியர் ஜான்சனுடையது.

ஆலிசன் பாதி வழிக்கு மேல் ஒரு மோதலில் சிக்கிப் பின்தங்கிவிட, போட்டி இருவருக்கிடையே என்றானது. குல்விக்கியின் காரில் முதல் கியர் ஆரம்பத்திலேயே உடைந்துவிட்டதால், எரிபொருளுக்கும் டயருக்கும் நிறுத்தும் இடமான பிட்டிலிருந்து ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கார் திணறிக்கொண்டுதான் நகர்ந்தது. விதிப்படி, ஒரு சுற்றாவது முன்னிலையில் ஓடியவருக்கு 5 புள்ளியும், அதிகமான சுற்றுகள் முன்னிலையில் ஓடியவருக்கு மேலும் 5 புள்ளியும் உண்டு. குல்விக்கியின் தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸும் குழுவினரும் அந்தச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். இன்னும் எத்தனை சுற்று முன்னிலையில் இருந்தால் எலியட்டால் எட்டவே முடியாது என்பதைக் கணக்கிட்டு, அதுவரை காரை உள்ளே அழைக்காமல் வைத்திருந்து, பிறகே எரிபொருள் நிரப்ப அழைத்தார்கள். எலியட் பந்தயத்தை வென்றார். குல்விக்கி இரண்டாவதாக வந்தார். முன்னிலை வகித்த சுற்றுகள் குல்விக்கிக்கு 103, எலியட்டுக்கு 102. பட்டம் 10 புள்ளிகளில் குல்விக்கிக்குக் கிடைத்தது. அந்த 5 புள்ளி மட்டும் எலியட்டுக்குப் போயிருந்தால் இருவரும் சமமாகியிருப்பார்கள். ஆண்டில் அதிகப் பந்தயங்களை வென்றவர் என்ற முறையில் பட்டம் எலியட்டுக்கே போயிருக்கும்.

அதனால் குல்விக்கியைப் பிடிவாதக்காரர் என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஓடுதளத்துக்குப் பெட்டியும் கையுமாக வந்து, எதையும் எழுதிவைத்து, அளந்து பார்த்து முடிவெடுத்த பொறியாளர் அவர். ஜான்சனுக்குச் சொன்ன மறுப்பும் அந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். தன் அணியில்தான் ஒவ்வொரு முடிவும் தன் கையில் இருக்கும் என்று அவர் கருதினார். ஆனால் அதே குணத்தால் வேலை செய்பவர்களைப் படாதபாடு படுத்தினார் என்பதும் உண்மை. எல்லாம் தன் பார்வைக்கு வந்தாகவேண்டும் என்று நின்றதால் அவரிடம் நிலைக்காமல் போனவர்கள் பலர்.

பட்டம் வென்று ஐந்து மாதம்கூட முடியவில்லை. 1993 ஏப்ரல் 1 அன்று, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் ஹூட்டர்ஸ் நிறுவனத்தின் விமானம் விழுந்து, அவரும் உடன் இருந்த மூவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 38. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அவருடைய அணி, ஜெஃப் பொடைன் என்ற மற்றொரு ஓட்டுநருக்கு விற்கப்பட்டது. ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டிய நிறுவனம் என்பதால் அந்த மனிதர் போனதும் அது அவருடையதாக நீடிக்க வழியில்லாமல் போயிற்று.

நீ பட்டறையை நடத்தினால் எனக்கு மறுப்பில்லை. பெரிய அணிக்குப் போனாலும் வருத்தமில்லை. சம்பளத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதே, கௌரவத்தை வைத்தும் முடிவெடுக்காதே. ஓராண்டுக்கு ஒரு வாடிக்கையாளரும் வராமல் போனால் பட்டறை தாங்குமா என்று முதலில் எழுதிப் பார். உன் வரைபடங்களையும் கணக்கையும் உன்னைத் தவிர இன்னொருவர் எடுத்து நடத்தக்கூடிய நிலையில் வைத்திருக்கிறாயா என்பதையும் பார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இந்த இரண்டுக்கும் எனக்குப் பதில் சொல். அந்த அணிக்கு என்ன எழுதுவது என்பதைப் பிறகு சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா