கடைக்காரர் என்றால் இளப்பமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை, என் கண்தான் பிசகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் படித்தேன். பிசகவில்லை. “கல்லூரி வாசலையே மிதிக்காத மோரில் என்ற கிராமத்துக் கடைக்காரர் பெயரில் ஒரு மசோதா, லிங்கன் தரிசு நிலத்தை அள்ளிக் கொடுக்க, கல்லூரிகள் முளைத்தன” என்றே அச்சாகியிருக்கிறது.

ஜஸ்டின் ஸ்மித் மோரில் யார் என்பது தாங்கள் அறியாததல்ல. அறிந்த தாங்களே இந்த வரியை விட்டுவைத்தீர்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்ட்ராஃபோர்டு என்ற சிற்றூரில் 1810-இல் ஒரு கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. பதினைந்து வயதில் கடைக்கு வேலைக்குப் போனார். பிற்பாடு அந்த முதலாளிக்கே கூட்டாளியானார். 1848-இல், 38 வயதில், சம்பாதித்தது போதும் என்று வியாபாரத்தை விட்டுவிட்டு, பிறந்த ஊரிலேயே தோட்டமும் துரவுமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். அமெரிக்காவில் இருக்கும் என் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது என் மருமகன் அந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். ரோஜா நிறச் சுவர்கள். கூரை விளிம்பு முழுக்க லேஸ் பின்னியதுபோல் மரவேலை. புத்தக அறையில் மட்டும் வெகுநேரம் நின்றேன். பாதியில் படிப்பை விட்டவன் புத்தகங்களை எப்படிச் சேர்ப்பான் என்பது எனக்குத் தெரியும்.

நானும் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு உரக்கடையில் கணக்கெழுதப் போனவன். பிறகு சொந்தக் கடை. நாற்பது ஆண்டு நடத்தினேன். ஒரு விவசாயி காய்ந்த நெற்பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசம். வேளாண்மை படித்த ஒரு பெண் கடைக்கு வந்திருந்தாள். நடுக்குருத்தை இரு விரலால் இழுத்தாள். சிரமமில்லாமல் கையோடு வந்தது. அடித்தண்டைப் பிளந்தாள்; உள்ளே புழு. “குருத்துப்பூச்சி ஐயா, தழைச்சத்து கூடினால் இது இன்னும் பெருகும்” என்றாள். அந்த விவசாயியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உழுகிறவனுக்கும் பட்டறையில் நிற்கிறவனுக்கும் கல்லூரி வேண்டும் என்று மோரில் வாதாடியதன் அருமை எனக்கு அன்றைக்கு விளங்கியது.

சும்மா முளைத்தனவா அந்தக் கல்லூரிகள்? அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, 1857-இல் மோரில் மசோதாவைக் கொண்டுவந்தார். இரு அவைகளிலும் நிறைவேறிய பிறகு 1859-இல் ஜனாதிபதி புக்கானன் தள்ளிவிட்டார். மறுபடி கொண்டுவந்து, உள்நாட்டுப் போரின் நடுவே 1862 ஜூலை 2-இல் லிங்கனின் கையெழுத்தைப் பெற்றார். ஒரு மாநிலத்துக்குக் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், எத்தனை உறுப்பினர்களோ, தலைக்கு 30,000 ஏக்கர் வீதம் அந்த மாநிலத்துக்கு நிலம் என்று கணக்கு. நிலத்தை விற்று வரும் பணம் கல்லூரிக்கு நிரந்தர முதல். கையெழுத்திட்ட லிங்கன் மட்டும் யாராம்? நியூ சேலத்தில் கடை வைத்து நொடித்துப்போனவர். பள்ளிக்குப் போனது மொத்தமே ஒரு வருடம் இருந்தால் அதிகம். அவரை மகான் என்கிறீர்கள்; மோரில் மட்டும் கடைக்காரர்.

அடுத்தது அந்தத் ‘தரிசு’. மோரிலை மதிக்கிறவன் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். அந்த ஒரு கோடி ஏக்கருக்கும் மேலான நிலம் சுமார் 250 பழங்குடி இனங்களிடமிருந்து எடுக்கப்பட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தார்கள். உடைத்தவர் நல்லவர் என்பதற்காகத் தேங்காய்க்காரனை மறைப்பதா? அதுபோலவே, கறுப்பின மாணவரைச் சேர்க்கவேண்டும், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரிக்குப் பங்கு தரவேண்டும் என்று 1890-இல் வந்த இரண்டாம் சட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் கிடையாது. அப்போது மோரிலுக்கு எண்பது வயது. 1898-இல் இறக்கும்வரை செனட்டராக இருந்தார்.

நம் கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி செய்த விஸ்கான்சினும், பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட நார்மன் போர்லாக் படித்த மினசோட்டாவும் இந்தச் சட்டத்தின் பயனைப் பெற்றவைதாம். இன்றைய உத்தராகண்டில் உள்ள பந்த்நகரில் 1960-இல் தொடங்கிய வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் இதே வகைக் கல்லூரிகள்தாம் முன்மாதிரி. இதையெல்லாம் முன்பு தங்கள் வேளாண்மைப் பக்கத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கத்தை நிறுத்திவிட்டு ராசிபலனுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினீர்கள். வருத்தப்பட்டு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்றும் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. போகட்டும். ஆனால் உழவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் ‘பாமர’ என்று ஒரு சொல்லை முன்னால் ஒட்டுகிறீர்களே, அதையாவது விட்டிருக்கலாம். ஒரு கல்லூரி விழா மேடையில் என்னை “படிக்காத பெரியவர்” என்று அறிமுகப்படுத்தினார்கள். அன்றைக்கு அந்த நூலகத்துக்கு என் நன்கொடையை எடுத்துப் போயிருந்தேன். கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வீடு திரும்பினேன்.

முப்பத்தொரு ஆண்டு சந்தாதாரன் நான். சந்தாவை நிறுத்துவேன் என்று மிரட்ட மாட்டேன். அடுத்த இதழில் ஒரு மூலையில் மூன்று வரி போடுங்கள்: சட்டத்தைக் கொண்டுவந்தவர் மோரில், நிலம் தரிசன்று, பழங்குடிகளுடையது, 1890-இல் இரண்டாம் சட்டமும் வந்தது. கட்டுரையாளர் விரும்பினால், அந்த ரோஜா நிற வீட்டில் மருமகன் எடுத்த படங்களை அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உரக்கடைக்காரன்,
தஞ்சாவூர் மாவட்டம்