‘சூப்பர்’ போதும், படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைபேசியில் படம் எடுக்கிறவர்கள் பெருகிவிட்டதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் எப்படி எடுத்தால் லைக் குவியும் என்பதோடு நின்றுவிட்டது. லைக் குவிந்த பிறகும் படம் தேறாமலே கிடக்கலாம் என்று அனுபவப்பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் கிடையாது. பகலில் கணக்கு எழுதும் வேலை. 2008-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினேன், அந்த வருஷமே நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறவர்களை மாடியிலிருந்து எடுத்த படம் ஒன்றை, படங்களைப் பகிர்ந்துகொள்ளும் இணையதளமான ஃப்ளிக்கரில் போட்டேன். வீட்டில் எல்லோரும் பிரமாதம் என்று சொல்லியிருந்ததால் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் போட்டேன். அங்கே அப்போது ஒரு வசதி இருந்தது. படத்தின் மேலேயே சின்னக் கட்டம் வரைந்து அதற்குள் குறிப்பு எழுதலாம். முன்பின் தெரியாத ஒருவர் என் படத்தில் மூன்று கட்டம் போட்டிருந்தார். ஒன்று வலது ஓரத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, ‘என் கண் முதலில் இங்கேதான் போகிறது, தேரை அப்புறம்தான் பார்த்தேன்’ என்று. இரண்டாவது, மேலே பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு வெளுத்துக் கிடந்த வானம். மூன்றாவது கட்டம் வடத்தின் மேல். அத்தனை பேர் உள்ளங்கையும் சிவக்கச் சிவக்க இழுப்பது இங்கே இருக்கிறது, நீங்கள் ஏன் மாடியில் நிற்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, கோபம்தான். காலையில் மறுபடி பார்த்தால் அந்தக் கையைத் தவிர எனக்கும் வேறெதுவும் தெரியவில்லை! அடுத்த வருஷம் கீழே இறங்கிப் போனேன்.

இதற்கு முன்னால், ஃபிலிம் காலத்தில், இந்த வேலையை எங்கள் தெரு ஸ்டூடியோ அண்ணாச்சி செய்துகொண்டிருந்தார். 36 படம் உள்ள ரோலைக் கழுவிக் கொடுக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, “தம்பி, மாப்பிள்ளை தலைக்கு மேல இம்புட்டு வானம் எதுக்கு, வானத்துக்கா கல்யாணம்?” என்பார். ஒவ்வொரு கிளிக்கும் காசு என்பதால் அவர் சொன்னது மறக்காது. இணையத்தில் அண்ணாச்சிகள் ஊருக்கு நூறு பேர் கிடைப்பார்கள் என்று நம்பினேன். கொஞ்ச காலம் கிடைக்கவும் செய்தார்கள். ஃப்ளிக்கரில் படத்தோடு கூடவே என்ன லென்ஸ், ஷட்டர் வேகம் (கேமராவின் கதவு எவ்வளவு நேரம் திறந்து மூடியது என்பது) எவ்வளவு, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர்கிறது என்ற அளவு) எவ்வளவு என்பதெல்லாம் தெரியும், அதைப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் நான் எடுத்த வர்ண நாரை படங்கள் எல்லாம் ஏன் கலங்கலாக வருகின்றன என்று புலம்பியபோது, ஷட்டரை 1/250 வினாடியில் வைத்துக்கொண்டு பறக்கிற பறவையைப் பிடித்தால் அப்படித்தான் வரும், 1/1000-க்கு மேலே போ, ஐஎஸ்ஓவை ஏற்றுவதற்குப் பயப்படாதே என்று ஒருவர் எழுதினார். ஒரே வரி. மூன்று மாதக் குழப்பம் தீர்ந்தது.

ஆனால் அங்கேயே நோயும் ஆரம்பித்துவிட்டது. சில குழுக்களில் ஒரு படம் போட்டால் வேறு இரண்டு பேர் படத்துக்குப் பாராட்டு எழுதியாக வேண்டும் என்று விதி. விளைவு, மினுமினுக்கும் பதக்கப் படத்தை எல்லோர் தலையிலும் ஒட்டிக்கொண்டு போனார்கள், படத்தைப் பார்க்காமலே. இன்றைக்கு வாட்ஸப், ஃபேஸ்புக் குழுக்களில் அதே மொய்தான், பதக்கத்துக்குப் பதில் கைதட்டும் பொம்மை. நீ எனக்கு வைத்தால் நான் உனக்கு வைப்பேன். சுருக்கம் விழுந்த பாட்டி முகத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் ‘உயிர் இருக்கு சார்’ என்று வரிசையாக வருகிறார்கள். அந்தப் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டா எடுத்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. இளம்பெண் படம் என்றால் சொல்லவே வேண்டாம், வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது, பெண்ணைப் பற்றித்தான் எல்லாம். ‘குறை சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்’ என்று போடுகிறவரிடம் நிஜமாகவே குறை சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே பகை. ஒரு குழுவில் தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்று எழுதியதற்காக என்னை நீக்கியே விட்டார்கள். கடல் சாய்ந்திருந்தது, சார்.

சரி, விமர்சிக்கிறவர்கள் எல்லாம் உத்தமர்களா என்றால் அதுவும் இல்லை. படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வை என்கிற ‘மூன்றில் ஒரு பங்கு’ விதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, எந்தப் படத்தைக் கண்டாலும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருகிற கூட்டம் ஒன்று உண்டு. ஃப்ளிக்கரில் ‘டெலீட் மீ’ என்று ஒரு குழு இருந்தது, போடுகிற படத்தை வைத்துக்கொள்ளலாமா தூக்கிவிடலாமா என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். 2006-ல் அங்கே ஒருவர், எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார். வளைந்து இறங்கும் படிக்கட்டு, கீழே தெருவில் கலங்கலாகக் கடந்து போகும் சைக்கிள்காரர். கலங்கல், தெளிவில்லை என்று ஓட்டுப் போட்டுத் தூக்கிவிட்டார்கள். அது 1932-ல் பிரான்ஸின் இயேர் ஊரில், உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படம்! இதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கென்னவோ அந்தக் குழுவின் மேல் இன்னமும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது, பெயரைப் பார்த்துக் கும்பிடாமல் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார்கள் இல்லையா. அவர்கள் தப்பு, சைக்கிள் கலங்கினால்தானே அந்தச் சுழல் படிக்கட்டு நம்மையும் சேர்த்து இழுக்கும் என்பதை யோசிக்காமல் கூர்மையை மட்டும் அளந்தது. என் நாரை கலங்கினால் குற்றம், அவருடைய சைக்கிள் கலங்கினால் அழகு, ஏன் என்று பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுகிற இடம்தான் இப்போது காணோம்.

ஃப்ளிக்கர் 2018-ல் கைமாறியதும் இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு வைத்தார்கள், எனக்குப் பழக்கமானவர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகும்போது எவன் நின்று கட்டம் போடப்போகிறான்? வாட்ஸப்பிலோ படம் சுருங்கிப்போய் ஷட்டர் வேகம் முதலான தகவல்களும் உதிர்ந்துதான் வந்து சேருகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் படங்கள் என்று ஒரு பக்கம் போடுகிறீர்கள், கீழே பெயரும் ஊரும் மட்டும் இருக்கிறது. கூடவே ஷட்டர் வேகம், லென்ஸ் விவரத்தையும், படத்தைத் தேர்ந்தெடுத்தவர் எதற்காகத் தேர்ந்தெடுத்தார், எது உறுத்தியது என்று இரண்டு வரியும் போடுங்களேன். அனுப்பியவர் மனம் புண்படும் என்று தயங்கினால் என்னிடமிருந்தே ஆரம்பிக்கலாம். கூந்தன்குளம் படம் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், 1/1250-ல் எடுத்தது. நாரையின் கால் ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பது எனக்கே தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை